சரக்கறையில் சேராத கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில்லறைக் கடைகளின் சரக்கறைகளில் வேலை செய்பவர்களும் இருப்புக் கணக்குப் பார்ப்பவர்களுமாகச் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். கையால் ஸ்டாக் எடுப்பது, எடுத்ததைத் தாளில் குறிப்பது, தாளிலிருந்து கணினியில் ஏற்றுவது, சேராத வரிகளைத் திரும்பப் போய் எண்ணுவது என்று ஆண்டுதோறும் நடக்கும் இந்த வேலை அலுப்பானது என்பது எல்லாருக்கும் தெரியும். அலுப்பைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இவ்வளவு பாடுபட்டு எண்ணிய கணக்கு அடுத்த வாரமே கெட்டுப்போகிறதே, அதுதான் தாங்க முடியவில்லை. இருப்புப் பதிவு கெடுவதெல்லாம் வேறு இடங்களில்: சரக்கு இறங்கும் இடத்தில், பில் போடும் இடத்தில், திரும்பி வந்த பொருளைப் போட்டுவைக்கும் கூடையில். அங்கே எதையும் மாற்றாமல், வருடத்துக்கு ஓர் இரவு எண்ணுகிறவர்களைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் நேராக்கச் சொல்கிறார்கள். நேராகாது. ஏன் ஆகாது, என்ன செய்தால் ஆகும் என்று விவரமாகச் சொல்லக் கொஞ்சம் இடம் கேட்கிறோம்.

முதலில் அந்த ஓர் இரவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8,000 வகைப் பொருள் உள்ள ஒரு கடை. ஒரு வகையைத் தேடி, எண்ணி, எழுத 20 நொடி என்று வைத்தால் மொத்தம் 1,60,000 நொடி. 44 மணி நேரத்துக்கு மேல். ஒருவர் எண்ணிச் சொல்ல இன்னொருவர் எழுதுகிறார். எட்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டுமானால் ஆறு ஜோடி, அதாவது 12 பேர் வேண்டும். இந்த 20 நொடியும் கண் உயரத்தில், ஒரே வரிசையில் நிற்கும் பொருளுக்குத்தான் போதும். ஏணி போட்டு இறக்க வேண்டிய பெட்டிக்கும், அடித்தட்டில் குனிந்து கையை விட்டுத் துழாவ வேண்டிய பொருளுக்கும் ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். நடைமுறையில் 12 பேருக்குப் பதிலாக ஆறேழு பேர்தான் இருப்பார்கள், அவர்களும் பகல் முழுவதும் கடையில் நின்ற அதே ஆட்கள். நள்ளிரவு தாண்டியதும் கண்ணால் அளந்து எழுதத் தொடங்கிவிடுவார்கள். இதைச் சோம்பல் என்று சொல்கிறவர்கள் ஒரு முறை வந்து எண்ணிப் பார்க்கட்டும்.

எண்ணும்போது நேரும் பிழைகளில் அதிகம் ஏமாற்றுவது பாதி எடுத்த அட்டைப்பெட்டி. வெளியே 24 என்று அச்சிட்டிருக்கும். உள்ளேயிருந்து ஏழு எடுத்துவிட்டு, மூடியை மடித்துத் திரும்பத் தட்டில் வைத்திருப்பார்கள். எண்ணுகிறவர் 24 என்று எழுதுவார். இதைத் தடுக்க, பெட்டியைத் திறந்ததும் மூடி மடல்களில் ஒன்றை வெட்டி எடுத்துவிட வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான் திறந்திருக்க வேண்டும். மீதி எண்ணிக்கையைப் பெட்டி மேல் மார்க்கரால் எழுதும் பழக்கமும் பல இடங்களில் உண்டு. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அதைத் திருத்த யாருக்கும் நேரம் இருப்பதில்லை, அதனால் அந்த எழுத்தை நம்புவது எழுத்தே இல்லாததைவிட மோசம் என்பது எங்கள் அனுபவக் கருத்து.

அடுத்தது, ஒரே பொருள் பல இடங்களில் இருப்பது. விற்பனைத் தட்டில், சலுகைக்காக அடுக்கிய மேடையில், கல்லா அருகே, சரக்கறை மேல்தட்டில், சேதமானவை ஒதுக்கிய மூலையில் என்று ஒரு பொருள் ஐந்து இடங்களில் கிடக்கும். பொருள் வாரியாகப் பட்டியல் கொடுத்தால் எண்ணுகிறவர் கடை முழுக்க அலைந்து ஓர் இடத்தை மறப்பார். பட்டியல் இடம் வாரியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ரேக்குக்கும் ஓர் எழுத்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் எண். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். ஒரு தட்டு முடிந்ததும் அதில் ஒரு வண்ணச் சீட்டு ஒட்ட வேண்டும். சீட்டு இல்லாத தட்டு எண்ணப்படாத தட்டு என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். ஐந்து இடத்து எண்களைக் கூட்டுவது கணினியின் வேலை. அதை மனிதர் தாளின் ஓரத்தில் பென்சிலால் செய்யக் கூடாது.

குரல் கொடுத்து எழுதும் முறையில் இன்னொரு தொல்லை. இரைச்சலில் எழுபதும் எண்பதும் காதில் ஒன்றுபோல விழும். "ஏழு பூஜ்யம்", "எட்டு பூஜ்யம்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும், எழுதுகிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எழுதியதை அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்து வேண்டும். இவை சின்ன விதிகள்தாம், ஆனால் மறுநாள் தாளைப் பார்த்துக் கணினியில் ஏற்றுகிறவருக்கு 1-ஆ 7-ஆ என்று ஊகிக்கும் வேலை இல்லாமல் போகும்.

பார்கோடு வந்துவிட்டதே, இன்னும் ஏன் தாளும் பென்சிலும் என்று வாசகர்கள் கேட்கலாம். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் டிராய் நகரில் ஓர் அங்காடியில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டை ஸ்கேன் செய்தார்கள்; சில்லறைக் கடையில் இன்றைய பார்கோடு பயன்பட்ட முதல் விற்பனை அது. அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆனால் அந்தக் கோடுகள் பெரும்பாலும் கல்லாவுக்கு மட்டும்தான் உதவுகின்றன. கல்லாவில் நல்ல ஸ்கேனர் இருக்கும், சரக்கறைக்கு இருக்காது. இருந்தாலும் கம்பி எட்டாது, அல்லது பேட்டரி நிற்காது.

ஸ்கேன் ஆகாத காரணங்கள் பலவும் நம்மால் தவிர்க்கக்கூடியவை. வழக்கமான 13 இலக்கப் பார்கோடின் இயல்பு அளவு 37.29 மில்லிமீட்டர் அகலம், 25.93 மில்லிமீட்டர் உயரம். இதில் 80 சதவீதம் வரை சுருக்கலாம். இரு பக்கமும் வெற்று வெள்ளை இடம் கட்டாயம் வேண்டும், கோடுகள் எங்கே தொடங்குகின்றன என்பதை ஸ்கேனர் அதை வைத்துத்தான் அறிகிறது. அந்த வெற்றிடத்தின் மேல் கடையின் விலைச் சீட்டை ஒட்டிவிடுகிறார்கள். கோடுகள் முழுசாகத் தெரிந்தும் கருவி ஊமையாகிவிடும். கடையே அச்சிடும் லேபிள்களில் வேறொரு சிக்கல்: வெப்பத்தாளில் நேரடியாக அச்சிட்டவை வெயிலிலும் சூட்டிலும் சில மாதங்களில் வெளிறிவிடும். ரேக் லேபிளுக்கு ரிப்பன் போட்டு அச்சிடும் முறையே சரி. வெள்ளைத் தாளில் சிவப்புக் கோடு அடித்தால் சிவப்பு ஒளி ஸ்கேனருக்கு இரண்டும் வெள்ளையாகவே தெரியும். அழகுக்காக நிறம் மாற்றும் உறை வடிவமைப்பாளர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஸ்கேன் ஆகாதபோது எண்ணைக் கையால் தட்டுகிறோம். 13 இலக்கத்தில் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். மற்ற 12 இலக்கங்களை மாறி மாறி 1, 3 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை அடுத்த பத்தின் மடங்காக்கத் தேவைப்படும் எண்ணே அது. ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினால் கணினி கட்டாயம் கண்டுபிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றினால் பெரும்பாலும் கண்டுபிடிக்கும், ஆனால் அவற்றின் வித்தியாசம் 5 ஆக இருந்தால் நழுவிவிடும்: 16 என்பது 61 ஆகவும், 27 என்பது 72 ஆகவும் மாறினால் கணக்கு ஒன்றேதான். இதைவிடப் பெரிய ஆபத்து கடைகள் தாங்களே வைத்துக்கொள்ளும் நான்கு, ஐந்து இலக்கக் குறியீடுகள். அவற்றில் சரிபார்ப்பு இலக்கமே கிடையாது. 4521-க்குப் பதிலாக 4527 தட்டினால் அது வேறொரு உண்மையான பொருள், எந்த எச்சரிக்கையும் வராது. சொந்தக் குறியீடு வைக்கும் கடைகள் ஓர் இலக்கம் கூட்டிச் சரிபார்ப்பு இலக்கமாக வைத்துக்கொண்டால் இத்தகைய பிழைகள் வாசலிலேயே நின்றுவிடும்.

தாளிலிருந்து எக்செல்லுக்குப் போகும் கட்டம் தனி வேதனை. 13 இலக்கக் குறியீட்டைச் சாதாரண எண்ணாக எக்செல் எடுத்துக்கொண்டு, "8.9E+12" என்பது போலச் சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் அதைக் காற்புள்ளியால் பிரித்த கோப்பாக (சி.எஸ்.வி.) சேமித்தால் கடைசி இலக்கங்கள் போய், பத்துப் பன்னிரண்டு பொருள்கள் ஒரே குறியீடாகிவிடும். பூஜ்யத்தில் தொடங்கும் குறியீட்டில் முன் பூஜ்யம் காணாமல் போகும். "10-12" என்ற குழந்தைகள் ஆடை அளவு ஒரு தேதியாக மாறிவிடும். கோப்பை இருமுறை சொடுக்கித் திறப்பதுதான் இதற்கெல்லாம் மூலம். தரவு இறக்குமதி வழியாகத் திறந்து, குறியீடு உள்ள நெடுவரிசையையும் அளவு உள்ள நெடுவரிசையையும் முதலிலேயே "உரை" என்று தேர்ந்தெடுக்க வேண்டும். சரக்கறையில் சரியாக எண்ணிக் கொடுத்த கணக்கு மேசையில் இப்படிச் சிதைந்து, "உங்கள் எண்ணிக்கை தப்பு" என்று எங்களிடமே திரும்பி வரும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பதிவு எங்கே கெடுகிறது?

சரக்கு இறங்கும்போது. ஓட்டுநர் அவசரப்படுத்துவார், டெலிவரி சலானில் கையெழுத்து விழுந்துவிடும், எண்ணுவது பிறகு. சப்ளையர் ஒரு பெட்டிக்கு 12 என்று அனுப்பிக்கொண்டிருந்ததை 10 ஆக்கியிருப்பார். கணினியில் இன்னும் 12 என்றே இருக்கும். ஐம்பது பெட்டி வந்தால் நூறு பொருள் காகிதத்தில் மட்டும் பிறந்துவிடும். பெட்டி மேல் உள்ள 14 இலக்கக் குறியீடு பெட்டிக்கு உரியது, உள்ளே இருக்கும் பொருளின் 13 இலக்கக் குறியீடு வேறு. இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்து வைக்காத கடையில் ஒரு பெட்டி ஒரு பொருளாகவும், ஒரு பொருள் ஒரு பெட்டியாகவும் ஏறும். "பத்துக்கு ஒன்று இலவசம்" என்று வந்த சரக்கில் இலவசத்தைப் பதியாமல் விட்டால் உபரி வரும். அந்த உபரி வேறொரு குறைவை மறைக்கும்.

சரக்கு வாங்கும் முறை இப்படி இருக்க வேண்டும். விற்பனைத் தட்டுக்கும் சரக்கறைக்கும் போகாமல் தனியே கோடு போட்ட ஒரு தரைப் பகுதியில் இறக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் பெட்டிகளைச் சலானோடு ஒப்பிட்டு எண்ண வேண்டும். ஒவ்வொரு வகையிலும் ஒரு பெட்டியைத் திறந்து உள்ளே எத்தனை என்று பார்க்க வேண்டும். குறைவையும் நசுங்கலையும் சலானிலேயே எழுதி, ஓட்டுநரிடமும் ஒப்பம் வாங்க வேண்டும். கணினியில் ஏற்றிய பிறகே கோட்டைத் தாண்ட வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் அடிக்கடி மீறப்படுகிறது. தட்டு காலியாக இருக்கிறதே என்று பதிவுக்கு முன் சரக்கை அடுக்கிவிடுவார்கள், அது விற்கும், கணினியில் இருப்பு மைனஸாகும். மைனஸ் இருப்பைப் பார்த்தால் பல மேலாளர்கள் எரிச்சலோடு பூஜ்யமாக்கிவிடுகிறார்கள். செய்யவே கூடாது. மைனஸ் என்பது எங்கோ ஒரு வரவு பதியப்படவில்லை, அல்லது வேறு குறியீட்டில் பில் போடப்பட்டது என்பதற்குக் கையில் கிடைத்த சாட்சி. தினமும் காலையில் மைனஸ் பட்டியலை எடுத்துக் காரணம் தேடினாலே பாதிப் பிழைகள் பிடிபடும்.

பில் போடும் இடத்தில் நடக்கும் பிழை யார் கண்ணிலும் படாது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். வாடிக்கையாளர் ஆறு சோப்பு எடுத்து வருகிறார். ஒரே விலை, ஆறும் ஆறு மணம். வரிசை நீளமாக இருக்கிறது. காசாளர் ஒன்றை ஸ்கேன் செய்து ஆறால் பெருக்கிவிடுகிறார். பணம் சரி. மொத்தச் சோப்பு எண்ணிக்கையும் சரி. ஆனால் ஸ்கேன் ஆன மணத்தில் கணினி ஐந்தை அதிகமாகக் கழித்துவிட்டது. மற்ற ஐந்து மணங்களில் ஒவ்வொன்று கழிக்கப்படாமல் நிற்கிறது. ஒரே பில்லில் ஆறு பதிவுகள் தப்பாகிவிட்டன. கல்லா கணக்கு ஒரு பைசா பிசகாமல் டேலி ஆவதால் யாரும் தேட மாட்டார்கள். காசாளரின் வேகத்தை மட்டும் அளந்து பாராட்டும் கடைகளில் இது நாள் முழுவதும் நடக்கும். அதே பிழை சட்டை அளவுகளிலும், நூல் நிறங்களிலும், பேனா மை நிறங்களிலும் உண்டு.

திரும்பி வந்த பொருள் பணம் கொடுத்ததும் நேராகத் தட்டுக்குப் போய்விடும், பதிவுக்கு வராது. அல்லது விற்கத் தகுந்தது என்று பதிந்துவிட்டுக் குப்பைக்குப் போகும். உடைந்த பாட்டிலைத் துடைப்பதற்கு முன் குறியீட்டை எழுதிவைக்க வேண்டும். துடைத்தபின் என்ன உடைந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. கடையின் சொந்த உபயோகத்துக்குத் தட்டிலிருந்து எடுக்கும் துடைப்பத்துக்கும் சோப்புத் தூளுக்கும் ஒரு சீட்டு வேண்டும். கிளைகளுக்கிடையே போகும் சரக்கு, அனுப்பியவர் கழித்து வாங்கியவர் சேர்க்காமல், வாரக்கணக்கில் வழியிலேயே நிற்கும்.

இவற்றின் விளைவு கணினியில் மட்டும் இருக்கும் சரக்கு. திரையில் மூன்று என்று இருக்கும், தட்டில் ஒன்றும் இருக்காது. இரண்டுக்குக் கீழே போனால்தான் ஆர்டர் போடு என்று அமைத்திருப்பார்கள். மூன்று இருப்பதால் ஆர்டர் போகாது. பொருள் இல்லாததால் விற்காது. விற்காததால் மூன்று குறையாது. யாராவது நேரில் போய்ப் பார்க்கும்வரை அந்தப் பொருள் கடைக்கு வரவே வராது. நிக்கோல் டிஹோரேஷியஸ், ஆனந்த் ராமன் ஆகிய இரு ஆய்வாளர்கள் ஒரு பெரிய சில்லறை நிறுவனத்தின் 37 கடைகளில் ஏறக்குறைய 3,70,000 இருப்புப் பதிவுகளைச் சோதித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், 65 சதவீதப் பதிவுகள் உண்மை இருப்போடு ஒத்துப்போகவில்லை. கணினியும் கணக்குத் துறையும் உள்ள நிறுவனத்திலேயே மூன்றில் இரண்டு பங்கு பதிவு தவறு என்றால், ஓர் இரவுக் கணக்கெடுப்பை நம்பி இருக்கும் கடைகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மாற்று புதியதல்ல. சுழற்சி முறையில் தினமும் கொஞ்சம் எண்ணுவது. அதே 8,000 வகைக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனைத் தொகையில் பெரும்பங்கு தரும் 800 வகைகளை மாதம் ஒரு முறை, நடுத்தரமான 2,000 வகைகளை மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மீதி 5,200 வகைகளை ஆறு மாதத்துக்கு ஒரு முறை எண்ணுவதாக வைப்போம். ஆண்டுக்கு 9,600, 8,000, 10,400. மொத்தம் 28,000 எண்ணிக்கை. 300 வேலை நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 93 வகை. கையடக்க ஸ்கேனரோடு நிதானமாக ஒரு வகைக்கு 40 நொடி கொடுத்தாலும் 62 நிமிடம். கடை திறப்பதற்கு முன் ஒருவருக்கு ஒரு மணி நேர வேலை. வருடத்துக்கு ஒரு முறை எண்ணுவதைப்போல மூன்றரை மடங்கு எண்ணியாகிறது, யாரும் இரவு விழிக்கவில்லை. வித்தியாசம் வந்தால் நேற்றைய பில்லும் சலானும் மேசையில் இருக்கும், கேமராப் பதிவு அழிந்திருக்காது, வேலை பார்த்தவருக்கு நினைவிருக்கும். பதினொரு மாதத்துக்கு முன் நடந்த பிழையை ஆண்டு இறுதி இரவில் யாராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

அட்டவணைக்கு வெளியேயும் சில பொருள்களை எண்ண வேண்டும். மைனஸ் காட்டுபவை. வழக்கமாகத் தினம் விற்கும் பொருள் ஒரு வாரமாக ஒன்றுகூட விற்காமல் இருந்தால் அது. எல்லாவற்றையும்விட எளிதானது, தட்டு காலியாகத் தெரியும் பொருள்: பூஜ்யத்தை எண்ண இரண்டு நொடி போதும், ஆனால் கணினியில் மட்டும் இருக்கும் சரக்கை அதுதான் உடனே வெளிக்கொண்டுவரும். புதுச் சரக்கு வருவதற்கு முந்தின நாள், இருப்பு மிகக் குறைவாக இருக்கும்போது எண்ணினால் வேலையும் குறைவு, பிழையும் குறைவு. 200 இருக்கும்போது எண்ணுவதைவிட 8 இருக்கும்போது எண்ணுவது நல்லது என்பதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை, ஆனாலும் பெரும்பாலான அட்டவணைகள் அதைக் கவனிப்பதில்லை.

இந்த ஒரு மணி நேரம் பணி நேர அட்டவணையில் உண்மையாகவே இருக்க வேண்டும். "மற்ற வேலைக்கு நடுவில் பார்த்துக்கொள்" என்றால், திரையில் உள்ள எண்ணையே எண்ணியதாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இது பரவலாக நடக்கிறது, மேலாளர்களுக்கும் தெரியும். அதனால்தான் எண்ணும் பட்டியலில் கணினி இருப்பு தெரியக் கூடாது என்கிறோம். 24 என்று அச்சிட்டுக் கொடுத்தால் கண் 24-இல் நின்றுவிடும், பின்வரிசையைப் பார்க்காது. வித்தியாசம் வந்தால் வேறொருவர் எண்ண வேண்டும், முதல் எண்ணிக்கை அவருக்குத் தெரியாமல். இரண்டும் ஒத்துப்போன பிறகே பதிவைத் திருத்த வேண்டும், திருத்தத்துக்கு ஒரு காரணம் கட்டாயம் குறிக்க வேண்டும்: வரவு, பில், திரும்பியது, சேதம், திருட்டு, தெரியவில்லை. மாத முடிவில் இந்தக் காரணங்களைக் கூட்டிப் பார்த்தால் எந்த வாசலைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரியும். ஓர் அளவில் பத்துக் குறைவு, அடுத்த அளவில் பத்து உபரி, ஆகவே சரிதான் என்று கழித்துவிடும் வழக்கத்தை மட்டும் நிறுத்துங்கள். அங்கே இரண்டு பிழைகள் இருக்கின்றன.

ஆண்டுக் கணக்கெடுப்பு தவிர்க்க முடியாத கடைகளும் உண்டு. கணக்குத் தணிக்கைக்கு வேண்டியிருக்கும். அப்படியானால் முந்தின வாரமே தொடங்குங்கள். மேல்தட்டுகளில் உள்ள திறக்காத பெட்டிகளைப் பகலிலேயே எண்ணி, எண்ணிக்கையும் தேதியும் கையெழுத்தும் போட்ட சீட்டைப் பெட்டியின் வாய்க்கு மேல் டேப்போடு ஒட்டுங்கள். டேப் கிழிந்திருந்தால் மட்டும் மறுபடி எண்ணினால் போதும். முந்தின நாள் சரக்கு வாங்குவதை நிறுத்துங்கள். மீறி வந்ததைத் தனியே வைத்து "எண்ண வேண்டாம்" என்று எழுதுங்கள். பில் ஆகி வாடிக்கையாளர் எடுத்துப்போகாத சரக்கையும் அப்படியே. நிலுவையில் உள்ள வரவு, திரும்பியவை, கிளை மாற்றம் எல்லாவற்றையும் பதிந்து, கடைசி பில்லுக்குப் பிறகே கணினி இருப்பை நகல் எடுங்கள். நகல் எடுத்த நேரத்துக்கும் எண்ணத் தொடங்கிய நேரத்துக்கும் நடுவே ஒரு பில் போட்டாலும் அந்த வரிகள் சேராது, விடியும்வரை அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் வகுத்த தூக்குதல் சமன்பாட்டில், எல்லாம் சாதகமாக இருக்கும்போதே 23 கிலோதான் உச்சம். உடலைத் திருப்பித் தூக்கினாலும், உடலிலிருந்து தள்ளிப் பிடித்தாலும், தரையிலிருந்தோ தோளுக்கு மேலோ தூக்கினாலும் அந்த வரம்பு இறங்கிக்கொண்டே போகும். கனமான பெட்டிகள் இடுப்பு உயரத் தட்டுகளில் இருக்க வேண்டும், மேல்தட்டு இலேசானவற்றுக்கு. ஏணியில் ஏறியவர் ஒரு கையில் தாளும் மறு கையில் பெட்டியுமாக நிற்கும் நிலை எங்கும் இருக்கக் கூடாது.

கருவி வாங்கினால் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்காக: ரேடியோ அலையில் வேலை செய்யும் ஆர்.எஃப்.ஐ.டி. சீட்டுகள் ஆடைகளுக்கும் காலணிகளுக்கும் மிக நன்றாக உதவுகின்றன. ஒரு ரேக் துணியைப் பிரிக்காமலே சில நொடிகளில் படித்துவிடும். ஆனால் அவை பயன்படுத்தும் 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சும், உலோகம் திருப்பி அனுப்பும். தகர டப்பாவும் திரவப் பாட்டிலும் நிறைந்த கடையில் சாதாரணச் சீட்டு ஏமாற்றிவிடும். மெல்லிய சுவருக்கு அப்பால் உள்ள சீட்டையும் படித்து உபரி காட்டும். நாங்கள் அதைவிட ஆவலோடு எதிர்பார்ப்பது சதுர வடிவ இருபரிமாணக் குறியீட்டை. இன்றைய கோடுகளில் பொருளின் எண் மட்டும்தான் இருக்கிறது, காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் கிடையாது. அதனால்தான் ஒவ்வொரு டப்பாவையும் கையில் எடுத்துத் திருப்பி, மங்கலான அச்சைத் தேடிப் படிக்கிறோம். சரக்கறை வேலைகளில் எல்லாரும் வெறுப்பது இதைத்தான். உலக அளவில் குறியீடுகளை நிர்வகிக்கும் ஜிஎஸ்1 அமைப்பு, 2027 இறுதிக்குள் கடைகளின் கல்லாக்கள் இருபரிமாணக் குறியீட்டைப் படிக்கத் தயாராக வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. அதில் தேதியும் பேட்சும் அடங்கும். கல்லாவுக்கு வாங்கும்போது சரக்கறைக்கும் அதே திறனுள்ள ஸ்கேனரை வாங்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

ஒரு விஷயத்தை மென்மையாகச் சொல்ல எங்களால் முடியவில்லை. கணக்கெடுப்பில் வந்த குறைவை அன்று பணியில் இருந்தவர்களின் சம்பளத்தில் சமமாகப் பிரித்துப் பிடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அநியாயம் என்பது ஒரு பக்கம். அந்த வழக்கம் உள்ள கடையில் எந்த எண்ணும் உண்மையாக இருக்காது. இலவசமாக வந்ததைப் பதியாமல் ஒதுக்கி வைப்பார்கள், குறைவு வரும்போது ஈடுகட்ட. உபரியைச் சொல்ல மாட்டார்கள். உடைந்ததை மறைப்பார்கள். எண்ணிக்கை திரைக்கு ஏற்றபடி வளையும். முதலாளி கையில் கிடைப்பது பயந்தவர்கள் எழுதிய கணக்கு. அதை வைத்து ஆர்டர் போட்டால் தேவையானது வராது, வேண்டாதது குவியும். திருட்டு என்று சந்தேகம் இருந்தால் அதைத் தனியாக விசாரியுங்கள். பிழையைச் சொன்னவரிடம் பணம் பிடிக்காதீர்கள்.

கடைசியாக பில்லிங் மென்பொருள் செய்பவர்களிடம் சில கோரிக்கைகள், இவை எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. மைனஸ் இருப்புப் பட்டியலைக் காலையில் முதல் திரையிலேயே காட்டுங்கள். ஒரே விலையில் பல வகை உள்ள பொருளில் பெருக்கல் பொத்தானை அழுத்தினால் "எல்லாம் ஒரே வகையா?" என்று கேளுங்கள். இருப்பைத் திருத்தும் இடத்தில் காரணம் தேர்ந்தெடுக்காமல் சேமிக்க விடாதீர்கள். பெட்டிக் குறியீட்டுக்கும் பொருள் குறியீட்டுக்கும் இணைப்பு இல்லாமல் வரவு ஏறக் கூடாது. ஏற்றுமதிக் கோப்பில் குறியீடுகள் உரையாகவே வெளிவரட்டும். எண்ணும் திரையில் கணினி இருப்பை மறைக்கும் வசதியை, தேடிப் பிடிக்க வேண்டிய அமைப்புகளுக்குள் புதைக்காமல், இயல்பான நிலையாகவே வையுங்கள்.

இப்படிக்கு,
சில்லறைக் கடைச் சரக்கறை மற்றும் இருப்புக் கணக்கு ஊழியர்கள் சிலர்